கண்டிகோட்டாவை உட்கார்ந்து பார்க்க வேண்டும்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு குழுவை அழைத்துச் செல்லும் முறை

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி வட்டாரங்களில் தெருக்காரர்களும் உறவினர்களும் சேர்ந்து வேன் பிடித்துச் சுற்றுலா போவது புதிதல்ல. அவை பெரும்பாலும் இரண்டு நாளில் பத்துப் பன்னிரண்டு கோயில்களைப் பார்த்துவிட்டு, எந்தத் தூணை எந்தக் கோயிலில் பார்த்தோம் என்பது நினைவில்லாமல் வீடு திரும்பும் பயணங்களாகவே அமைகின்றன. அதே பழக்கத்தோடு ஆந்திர மாநிலத்தின் கடப்பா மாவட்டத்திலுள்ள கண்டிகோட்டாவுக்குப் போனால் அந்த இடம் நமக்கு ஒன்றும் தராது. வறண்ட பாறை நிலத்தின் நடுவே பென்னா ஆறு அறுத்துச் சென்ற மலையிடுக்கு அது. வண்டியை விட்டு இறங்கி, விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இருபதே நிமிடத்தில் திரும்பிவிட முடியும்; அப்படித் திரும்புகிறவர்களைத்தான் அங்கே ஒவ்வொரு முறையும் அதிகமாகப் பார்க்கிறேன். ஒரு குழுவைப் பொறுப்பேற்று அழைத்துச் செல்கிறவர், தம் ஆட்களை மாலையில் ஒரு மணி நேரமும் மறுநாள் விடியலில் ஒரு மணி நேரமும் அந்தப் பள்ளத்தாக்கின் எதிரே அமைதியாக உட்கார வைத்துவிட்டாரானால் தம் வேலையைச் செய்து முடித்தவராவார். வண்டி, சாப்பாடு, தங்குமிடம், குகை, கோட்டை ஆகிய மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் அந்த இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றுவதற்காகவே.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். முதல் முறை 32 பேரை ஒரு பேருந்தில் ஏற்றிச் சென்று, மே மாதத்தில், பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்கு நேராக விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். பாறை கொதித்தது. உச்சி வெயிலில் எதிர்ச்சுவரின் நிறமெல்லாம் வெளுத்து, பள்ளத்தாக்கு தட்டையாகத் தெரிந்தது. ரப்பர் செருப்புப் போட்டிருந்த ஒரு பையன் பொடிக்கல்லில் வழுக்கி, விளிம்புக்கு எட்டடி முன்னால் உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்து, கோட்டைச் சுவரின் நிழலில் படுக்க வைத்து ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டியதாயிற்று. நல்லவேளையாக எவருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆயினும் திரும்பும் வழியில் பேருந்துக்குள் நிலவிய மௌனம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்குப் பிறகு, பயணத்துக்குப் பயணம் திருத்திக்கொண்டு வந்த முறை.

எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வரப்போகிறவர்களை ஒரு வீட்டு மாடியில் அரைமணி நேரம் கூட்டி, எங்கே போகிறோம் என்பதை விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது. நம் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வசதியான ஒரு வாசல் இருக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலைத்தொடரில், சென்னகேசவ மலைப்பகுதியில், இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. ஒன்று தெற்கே இறங்கி, ஓசூர் கெலவரப்பள்ளி அணையையும் நம் கிருஷ்ணகிரி அணையையும் நிரப்பி, சாத்தனூரைக் கடந்து, கடலூர் அருகே கடலில் சேரும் தென்பெண்ணை. மற்றொன்று வடக்கே ஓடி, அனந்தபுரத்தின் வறண்ட சமவெளியைக் கடந்து, கிழக்கே திரும்பி, கண்டிகோட்டா மலையை இரண்டாகப் பிளந்து, நெல்லூர் மாவட்டத்தில் கடலை அடையும் பென்னா. தென்பெண்ணைக்குத் தட்சிண பினாகினி என்றும் பென்னாவுக்கு உத்தர பினாகினி என்றும் பழைய பெயர்கள் உண்டு. நம் வயலுக்குப் பாயும் ஆற்றோடு உடன்பிறந்த ஆறு அங்கே மலையை அறுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டால், அதுவரை சாப்பாட்டு ஏற்பாட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெயரையும் விளக்கலாம். தெலுங்கில் கண்டி என்றால் மலையிடுக்கு. கோட்டா என்றால் கோட்டை. இடுக்கை அரணாகக் கொண்ட கோட்டை என்பதே அதன் பொருள். ஆற்றின் வலக்கரையில், ஏறத்தாழ 300 அடி ஆழமுள்ள பள்ளத்தாக்கை ஒருபுறத்து அகழியாகக் கொண்டு அது கட்டப்பட்டிருக்கிறது.

பாறையைப் பற்றி ஒரு திருத்தம் தேவை. சுற்றுலா விளம்பரங்களில் அதைச் செந்நிறக் கிரானைட் என்று எழுதுகிறார்கள். கிரானைட் எப்படி இருக்கும் என்பதைக் குவாரிகளுக்கு நடுவே வாழும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே பாளமாக, அடுக்கே இல்லாமல், வெட்ட வெட்டக் கட்டியாக வரும் கல் அது. கண்டிகோட்டாப் பாறை அப்படிப்பட்டதன்று. நீரின் அடியில் படிந்த மணல் அடுக்கடுக்காக இறுகிக் கெட்டிப்பட்ட குவார்ட்சைட் அது. அதன் வயது நூறு கோடி ஆண்டுக் கணக்கில் வரும். படுக்கையாக அடுக்குகளும் குறுக்கே செங்குத்தான வெடிப்புகளும் ஓடுவதால், யாரோ பெரிய பெரிய செங்கற்களை அடுக்கி வைத்ததுபோல் அது சதுரம் சதுரமாக நிற்கும். அதன் அழகுக்கு எது காரணமோ அதுவேதான் ஆபத்துக்கும் காரணம். வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, காலப்போக்கில் ஒவ்வொரு கல்லையும் தனியே பிரித்து வைத்திருக்கிறது. விளிம்பில் அசைவின்றித் தெரியும் கல் கீழே மலையோடு ஒட்டியிருக்கிறதா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. இந்தக் காரணத்தையும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். காரணம் தெரிந்த கட்டுப்பாட்டை மக்கள் மறுப்பதில்லை.

காலமும் ஆட்களும்

நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை ஏற்ற காலம். கண்டிகோட்டா இருக்கும் ராயலசீமை மழை மறைவுப் பகுதி; அண்டை மாவட்டமான அனந்தபுரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 550 மில்லிமீட்டர்தான் மழை பெய்கிறது. மார்ச் பிறந்தால் வெயில் ஏறிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கடப்பாப் பகுதியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பள்ளிக்கூட விடுமுறை என்ற ஒரே காரணத்துக்காக மே மாதத்தில் திட்டமிடாதீர்கள். அக்டோபரில் பென்னாவில் தண்ணீர் பார்க்க அழகாக இருக்கும் என்றாலும், மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். பள்ளத்தாக்கில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது மழையை மட்டும் பொறுத்ததன்று. மேலே கண்டிகோட்டா அணையும் கீழே மயிலவரம் அணையும் இருப்பதால், அவற்றின் நீர்மட்டத்தைப் பொறுத்துப் பச்சை நிறத்தில் நிரம்பியும் இருக்கலாம், மெலிந்து கற்கள் தெரியவும் கிடக்கலாம். ஆகவே தண்ணீரைக் காட்டுவதாக எவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

குழுவில் 18 பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெரிய டெம்போ டிராவலர் ஒன்றில் அடங்கும் எண்ணிக்கை அது. விளிம்பில் ஒருவர் பார்வைக்குள் அடங்கும் எண்ணிக்கையும் அதுவே. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கையைப் பிடித்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் என்று பெயர் எழுதி வைத்துவிட வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டால் எவரும் பார்ப்பதில்லை. குழுவுக்கு இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். முன்னால் நடப்பவர் ஒருவர், கடைசி ஆளுக்கும் பின்னால் நடப்பவர் இன்னொருவர். பின்னால் நடப்பவர்தான் முக்கியமானவர்; பொறுமைசாலியாகப் பார்த்து அவரைத் தேர்ந்தெடுங்கள்.

புறப்படுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், எல்லாரையும் ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு ஏறச் சொல்லுங்கள். இதை ஒத்திகை என்றே வைத்துக்கொள்ளலாம். கண்டிகோட்டாவில் அவ்வளவு ஏற்றம் கிடையாது. ஆனால் யாருக்கு முழங்கால் வலிக்கிறது, யாருடைய காலணி பாறையில் வழுக்குகிறது, யார் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார், யார் சொல்லைக் கேட்காமல் முன்னால் ஓடுகிறார் என்பதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். முன்னால் ஓடுகிறவரை நான் பெரும்பாலும் ஒரு பாட்டியோடு ஜோடி சேர்த்துவிடுவேன். ஜோடி முறை இந்தப் பயணம் முழுவதற்கும் உதவும்: தலையை எண்ணுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜோடி ஜோடியாகத் தங்கள் எண்ணைச் சொல்லச் சொன்னால், ஒருவர் விடுபட்டாலும் அவருடைய ஜோடியே முதலில் கண்டுபிடித்துவிடுவார்.

வண்டியும் வழியும்

நாம் போவது கர்நாடகத்தைக் கடந்து ஆந்திரத்துக்கு. வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் இரண்டு மாநிலங்களுக்குமான வரியைக் கட்டிப் பெர்மிட் எடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைப் பேசாமல் விட்டால், நள்ளிரவில் சோதனைச் சாவடியில் ஓட்டுநரும் உரிமையாளரும் போனில் வாக்குவாதம் செய்துகொண்டிருக்க, நாம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க நேரும். கிலோமீட்டர் கணக்கு, ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், இரவு நிறுத்தக் கட்டணம் ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே நாளில் ஏறத்தாழ 370 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுநாளும் அதே அளவு ஓட்ட வேண்டியிருப்பதால், ஓட்டுநருக்கு இரவில் கட்டாயம் படுக்கை வேண்டும். வண்டியிலேயே தூங்கிக்கொள்வார் என்று சொல்லும் உரிமையாளரின் வண்டியை நான் எடுப்பதில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்புங்கள். அப்போதுதான் ஓசூர் வழியாகப் போய், பெங்களூரு நகரை நெரிசல் தொடங்குமுன் கடக்க முடியும். தேவனஹள்ளியைத் தாண்டிச் சிக்கபள்ளாப்பூரை நெருங்கும்போது இடப்பக்கம் நந்தி மலை எழும்பி நிற்கும். விடியும் நேரமாக இருந்தால் அங்கே ஐந்து நிமிடம் வண்டியை ஓரமாக நிறுத்தி, இரு ஆறுகளும் பிறக்கும் மலைத்தொடர் இதுதான் என்று காட்டுங்கள். அந்த ஐந்து நிமிடம் வீண் போகாது. பின்பு பாகேபள்ளி, கோரண்ட்லா, கதிரி, புலிவெந்துலா, முத்தனூர் வழியாக ஜம்மலமடுகு. காலை உணவுக்கும் கழிப்பறைக்கும் சேர்த்து இரண்டு நிறுத்தங்கள் போதும். பகல் பன்னிரண்டு மணிவாக்கில் ஜம்மலமடுகுவை அடைந்துவிடலாம். அங்கிருந்து கண்டிகோட்டா ஏறத்தாழ 15 கிலோமீட்டர்.

அடைந்தவுடன் பள்ளத்தாக்குக்கு ஓடாதீர்கள். இதில்தான் பொறுப்பாளரின் உறுதி தெரியும். பத்து மணி நேரம் வண்டியில் வந்தவர்கள் உடனே பார்த்துவிட வேண்டும் என்றுதான் சொல்வார்கள். சாப்பிட வைத்து, அறையில் படுக்க வைத்து, மூன்றரை மணி வரை ஒருவரையும் வெயிலில் விடக்கூடாது. கோட்டைக்கு அருகிலேயே ஆந்திர சுற்றுலாத் துறையின் விடுதி இருக்கிறது. அறைகள் குறைவென்பதால் வார இறுதிகளுக்கு முன்பதிவு அவசியம். கூடாரம் அமைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். பெரியவர்களும் பெண்களும் உள்ள குழுவுக்கு நான் கூடாரத்தைப் பரிந்துரைப்பதில்லை. இரவில் கழிப்பறைக்கு இருட்டில் நடக்க வேண்டியிருக்கும் இடத்தில், பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தூக்கக் கலக்கத்தில் நினைவு வைத்துக்கொள்ளும்படி ஒருவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

விளிம்பில்

மூன்றரை மணிக்குக் கோட்டைக்குள் நுழையுங்கள். உள்ளே இன்றும் மக்கள் வாழும் கிராமம் இருக்கிறது. வீட்டு வாசல்களைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால், கேட்காமல் எவரையும் படமெடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வழிகாட்டியாக அந்த ஊர்க்காரர் ஒருவரையே அமர்த்திக்கொள்வது நல்லது. கூலியை முதலிலேயே பேசிவிட வேண்டும். அவர் தெலுங்கில் பேசுவார். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் 18 பேரைச் சேர்த்தால் அதில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவரை மொழிபெயர்க்கச் சொல்லலாம். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பது, அச்சடித்த பலகையைப் படிப்பதைவிட நன்றாக மனத்தில் பதியும்.

விளிம்பை நெருங்குவதற்கு முன், பாறைகள் தொடங்கும் இடத்தில் எல்லாரையும் நிறுத்துங்கள். தொப்பி, கைப்பை, துப்பட்டா, சேலைத் தலைப்பு ஆகியவற்றை இறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளத்திலிருந்து மேலெழும் காற்று திடீரென்று வீசும், பறக்கும் பொருளைப் பிடிக்கக் கை நீட்டுவது மனித இயல்பு. கைப்பேசி விழுந்தால் விழட்டும், அதை எடுக்க எவரும் குனியக்கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லி, எல்லாரிடமும் வாய்விட்டுச் சரி என்று சொல்ல வையுங்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும்போது உயிர்காப்புச் சட்டை கொடுக்கிறார்கள், தொங்கு பாலத்தில் கம்பி இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் நம் மக்கள் இங்கும் யாரோ ஏதோ தடுப்பு வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே நீங்கள் நிற்கும் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரே விதிதான். விளிம்பிலிருந்து பத்தடிக்குள் எவரும் நிற்கக்கூடாது. பத்தடிக்கு வெளியே அகலமான தட்டைப் பாறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாரும் அதில் உட்கார வேண்டும். வழிகாட்டியிடம் முன்பே கேட்டு, கூட்டம் அதிகமில்லாத அப்படியொரு பாறையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு மடக்கு ஸ்டூல் இரண்டு மூன்று கொண்டுபோவது உதவும். இரண்டு பொறுப்பாளர்களும் குழுவுக்கும் விளிம்புக்கும் நடுவே, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி அல்லாமல் பக்கவாட்டில், ஆளுக்கொரு முனையில் உட்கார வேண்டும். அப்போதுதான் யார் எழுந்தாலும் கண்ணில் படும்.

உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் ஆற்றைத்தான் பார்ப்பார்கள். பேச்சும் படமெடுப்பும் நடக்கும், நடக்கட்டும். பத்து நிமிடம் போனபின் பேச்சு தானாகக் குறையும். அப்போது எதிர்ச்சுவரைக் காட்டுங்கள். அடுக்குகளை ஒருமுறை கண்ணால் எண்ணச் சொல்லுங்கள். எங்கே ஓர் அடுக்கு தடித்திருக்கிறது, எங்கே ஒரு கல் கழன்று விழுந்து வெளிர்நிறத் தழும்பு தெரிகிறது என்று தேடச் சொல்லுங்கள். மேலே கருத்தும், கீழே செம்மஞ்சளாகவும், தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளைக் கோடாகவும் சுவர் நிறம் மாறிக்கொண்டே வரும். சூரியன் இறங்க இறங்க, நாம் உட்கார்ந்திருக்கும் பக்கத்தின் நிழல் பள்ளத்தில் விழுந்து, மெதுவாக எதிர்ச்சுவரில் ஏறத் தொடங்கும். பருந்து ஒன்று பறக்கும்போது அதன் முதுகை நாம் மேலிருந்து பார்க்கிறோம் என்பதை யாராவது ஒருவர் கவனித்துச் சொல்வார். வாழ்நாள் முழுவதும் பருந்தின் வயிற்றை மட்டுமே பார்த்தவர்களுக்கு அந்த ஒரு காட்சி போதும், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது உடம்புக்குப் புரிந்துவிடும்.

சென்ற முறை காவேரிப்பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா, முக்கால் மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "ஏம்பா, நம்ம ஊரு ஆத்துக்கு இது அக்காவா, தங்கச்சியா?" என்று கேட்டார். "ஒரே மலையில பொறந்தவங்க, பெரியம்மா. யாரு மூத்தவங்கன்னு அந்த மலைக்குத்தான் தெரியும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை; தலையை அசைத்துவிட்டு மறுபடியும் ஆற்றைப் பார்க்கத் தொடங்கினார். நின்றுகொண்டே பார்த்திருந்தால் அவர் இருபது நிமிடத்தில் கால் வலிக்கிறது என்று வண்டிக்குத் திரும்பியிருப்பார்.

சூரியன் மறைந்தவுடன் எழுந்துவிட வேண்டும். அந்தியின் மிச்ச வெளிச்சத்திலேயே பாறைகளைக் கடந்துவிடுங்கள். எழும்போதுதான் கால் மரத்துத் தடுமாறும்; ஆகவே முதலில் கையூன்றித் திரும்பி, பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பார்த்து எழச் சொல்லுங்கள். ஜோடி எண் சொல்லி, பின்னால் நடப்பவர் பாறைகளை விட்டு இறங்கிய பிறகே பயணத்தின் அந்தப் பகுதி முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

விடியலும் கோட்டையும்

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மறுபடியும் அதே பாறைக்குப் போகிறோம். வேறு இடம் வேண்டாம், அதே பாறைதான். குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால், வடகரைச் சுவர் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சிவந்துகொண்டே வரும். முந்தைய மாலையில் நிழல் ஏறிய சுவரில் இப்போது ஒளி இறங்குவதைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு முறை வந்ததன் காரணத்தைத் தனியே விளக்க வேண்டியிருக்காது. டார்ச் விளக்கு ஜோடிக்கு ஒன்று அவசியம்.

ஏழு மணிக்குமேல் வெயில் இதமாக இருக்கும்போதே கோட்டையின் கட்டடங்களைப் பார்த்துவிடலாம். ஜும்மா மசூதி, அதனருகிலுள்ள பெரிய தானியக் களஞ்சியம், மாதவராய சுவாமி கோயிலின் உயர்ந்த கோபுரம், விளிம்பை ஒட்டிய ரங்கநாத சுவாமி கோயில் ஆகிய நான்கும் போதும். விஜயநகரப் பேரரசின்கீழ் பெம்மசானி நாயக்கர்கள் இந்தக் கோட்டையை ஆண்டார்கள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இதைக் கைப்பற்றினார். பிரெஞ்சு வைர வணிகர் தவர்னியே 1652-இல் அவரைச் சந்திக்க இங்கே வந்தார். இவ்வளவு சொன்னால் போதும். களஞ்சியத்தின் உள்ளே நின்று, மூன்று பக்கம் மதிலும் ஒரு பக்கம் பள்ளமுமாக அடைபட்ட ஓர் ஊர் முற்றுகையின்போது எத்தனை மாதம் சாப்பிட வேண்டியிருக்கும் என்று யோசிக்கச் சொல்லுங்கள். வரலாறு தானாக விளங்கும்.

குகைக்குப் போகும் வழியில்

ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பத்தரை மணிக்கு பேலம் குகைகளை அடையலாம். வழியெல்லாம் சாலையோரம் கருநிறக் கல் பலகைகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். நம் வீட்டுச் சமையல் மேடையிலும் அலமாரியிலும் இருக்கும் கடப்பா கல் இதுதான். இது ஒருவகைச் சுண்ணாம்புப் பாறை. இதே இனத்துப் பாறையைத்தான் நிலத்தடி நீர் கரைத்துக் கரைத்து பேலம் குகைகளை உண்டாக்கியிருக்கிறது. ஆக, நேற்றுப் பார்த்தது ஆறு அறுத்த பாறை, இன்று பார்ப்பது நீர் கரைத்த பாறை என்று சொல்லி இரண்டையும் இணைத்துவிடலாம். மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் குழுவில் இருந்தால், நம் தோட்டங்களில் காய்க்கும் பங்கனப்பள்ளியின் சொந்த ஊரும் இங்கிருந்து தொலைவில் இல்லை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் வண்டியை அங்கே திருப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அளந்தறிந்த வரையில் குகையின் நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் மட்டுமே மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. 1884-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் இதைப் பற்றிக் குறிப்பு எழுதினார். நூறாண்டுகள் கழித்து 1982, 1983-இல் ஹெர்பர்ட் டேனியல் கெபாவர் என்ற ஜெர்மானியரின் குழு உள்ளே நுழைந்து அளந்தது. குகை குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். உள்ளே காற்று ஈரமாகவும் புழுக்கமாகவும் இருக்கும்; பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். மூச்சுத்திணறல், இதயநோய் உள்ளவர்களையும், அடைபட்ட இடத்தில் பதற்றம் கொள்கிறவர்களையும் முதல் கூடத்தைப் பார்த்தவுடன் ஒரு துணையோடு மேலே அனுப்பிவிடுங்கள். பாதாளகங்கை என்னும் ஆழமான பகுதிக்கு விருப்பமுள்ளவர்கள் மட்டும் போனால் போதும்.

தாடிபத்ரியின் கோயில்களையும் பார்த்துவிடலாமே என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். அவை அருமையான கோயில்கள்தாம். மூன்றாம் நாள் இருந்தால் போகலாம். இரண்டு நாள் பயணத்தில் வேண்டாம்.

தண்ணீர், சாப்பாடு, கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளர்களையும் ஓட்டுநரையும் சேர்த்து 20 பேர் என்றால் நாளொன்றுக்கு 80 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. முதல் நாளுக்கு வேண்டியதை ஊரிலிருந்தே ஏற்றிவிட்டு, இரண்டாம் நாளுக்கு ஜம்மலமடுகுவில் வாங்கலாம். பெண்கள் கழிப்பறை கிடைக்குமோ என்ற கவலையில் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். பலருக்கு மயக்கம் வருவதற்கு இதுவே காரணம். ஆகவே அடுத்த கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்கு என்பதை ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்லிவிடுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், காயத்துக்குக் கட்டுத்துணி, முழங்காலுக்குப் பட்டி ஆகியவை கையில் இருக்கட்டும். வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ, வியர்வை நின்று தோல் சூடாக இருந்தாலோ, நிழலில் கிடத்தி நனைத்த துணியால் குளிரவைத்துக்கொண்டே உடனே ஜம்மலமடுகு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சரியாகிவிடும் என்று காத்திருக்கக்கூடாது.

சாப்பாட்டைப் பற்றி நம் மக்களுக்கு அச்சம் வேண்டாம். ராயலசீமையின் ராகி சங்கட்டி நம் ராகிக் களிக்கு ஒன்றுவிட்ட உறவு. நாட்டுக்கோழிக் குழம்போடு தருவார்கள். காலையில் பொரியை நனைத்துத் தாளித்துத் தரும் உக்கானியும் மிளகாய் பஜ்ஜியும் கிடைக்கும். காரம் நம்முடையதைவிடக் கூடுதல் என்பதால், பிள்ளைகளுக்குத் தயிர் சொல்லி வையுங்கள்.

பணத்தை மூன்று பங்காகப் பிரித்து வசூலியுங்கள்: வண்டி, தங்குமிடமும் சாப்பாடும், கைச்செலவு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்; வண்டி பழுது, மருத்துவம், கூடுதல் இரவு ஆகியவற்றுக்கு மட்டுமே அதை எடுக்க வேண்டும். பிற்பகல் ஒன்றரை மணிக்கு பேலத்திலிருந்து கிளம்பி, தாடிபத்ரி வழியாக அனந்தபுரம் வந்து நான்கு வழிச்சாலையைப் பிடித்துவிட்டால், பெனுகொண்டா, பெங்களூரு வழியாக இரவு பத்து, பத்தரை மணிக்குக் கிருஷ்ணகிரி வந்துவிடலாம். ஓசூரில் கடைசித் தேநீருக்கு நிறுத்தும்போது, எல்லாரும் விழித்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில், செலவுக் கணக்கை வரிவரியாக வாசித்து, மீதியை அங்கேயே கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போனபின் போனில் கணக்குப் பேசத் தொடங்கினால், பிறகு எல்லாருக்கும் அந்தப் பேச்சுதான் நினைவில் இருக்கும்.